செக்ரோல் உட்கார்ந்த நாற்காலி

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப்போட்டியில் பேராயர் அசரியா பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். தேடிப் பார்த்தேன். அவர் வெள்ளைக்காரன் வளர்த்துவிட்ட ஆள், பதவிக்காகவே தமிழ்நாட்டை விட்டுத் தெலுங்கு நாட்டுக்குப் போனார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காந்தியோடும் மோதியிருக்கிறார். சேலமோ லண்டன் மிஷன் ஊர், இங்கே அவருக்கு என்ன தொடர்பு? எதை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம்?

எஸ்., அஸ்தம்பட்டி

அன்புள்ள எஸ்.,

மகளுக்காக உட்கார்ந்து தேடியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் யாரோ போகிறபோக்கில் எழுதிய நாலு வரியை நம்பி அதையே கேள்வியாக்கி எனக்கு அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. பதவிக்காகப் போனாரா? 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள், அதில் முன்னின்றவர் அசரியா. அந்தச் சங்கம் நிஜாம் சமஸ்தானத்து டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. அடுத்தவரை அனுப்பிவிட்டு நாம் இங்கேயே இருப்பதா என்று 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் செயலாளர் வேலையை விட்டுவிட்டுத் தானே போனார், தெலுங்கு படித்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயர் ஆனதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர், அதுவும் மிஷனெரிகள் பலருடைய எதிர்ப்பைத் தாண்டி.

காந்தி விஷயம் பெரிய விஷயம், ஐந்து நிமிடத்துக்குள் அதைத் திணிக்காதீர்கள். லண்டன் மிஷனா? அது வேறு சபை, அவர் ஆங்கிலிக்கன், சரிதான். ஆனால் 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து சபைகளை ஒன்றாக்கப் பாடுபட்டவர் அவர். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது லண்டன் மிஷன் வழிவந்தவர்களும் ஆங்கிலிக்கன்களும் ஒரே சபையானார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 1945 ஜனவரி 1-ல் போய்விட்டார். சேலத்துக்கு இந்தத் தொடர்பு போதாதா?

நான் சொல்ல வந்தது வேறு. 1910 ஜூன், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. வெள்ளாளன்விளை என்ற தேரிக்காட்டுக் கிராமத்துக் குருவானவர் மகன் அசரியா, முப்பத்தைந்து வயது, அத்தனை மிஷனெரிகள் முன்னால் நின்று அவர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவில் நட்பே இல்லை என்று சொன்னார். கைகுலுக்கலும் நாற்காலியும் விருந்தும் தேநீரும் வேண்டும் என்று நான் கெஞ்சவில்லை, நீங்கள் எஜமானர்களாக இல்லாமல் சகோதரனாக, நண்பனாக வந்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமாக இருந்தால் அவை அத்தனையும் வேண்டும், இன்னும் கூட வேண்டும் என்றார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். வளர்த்துவிட்ட ஆள் பேசுகிற பேச்சா இது, எஸ்.? அன்பு இல்லாவிட்டால் எதைக் கொடுத்தும் பயனில்லை என்று பைபிளில் பவுல் எழுதிய கொரிந்தியர் நிருபத்தை அவர்களுக்கே திருப்பி வாசித்துக் காட்டியிருக்கிறார்!

அவர் நாற்காலி என்று சொன்ன இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் செக்ரோலை, அதாவது வேலையாட்களின் பேர்ப் பதிவேட்டை, எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போவார், நானும் கூடவே போவேன். வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலி. ஒன்றில் முதலாளி. இன்னொன்றில் அப்பா செக்ரோலை விரித்து வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டே ஒவ்வொரு பேராகப் படிப்பார். ஒரு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் அவர் காலடியில் தண்ணீர் சொட்டித் தேங்கிவிடும். நாற்காலி செக்ரோலுக்கு, அப்பாவுக்கு இல்லை. அந்த முதலாளி வெள்ளைக்காரரும் இல்லை, நம்மவர்தான், எங்கள் சபைக்காரர். மறுநாள் காலை திருவிருந்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்தில் குடிப்பார்கள். மிஷனெரிகள் எல்லாரும் கப்பலேறின பிறகும் அந்த நாற்காலி அங்கேயேதான் கிடந்தது. அதனால்தான், அசரியா வெள்ளைக்காரனிடம் மட்டுமே கேட்டார் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் மகள் எடின்பரோவில் தொடங்கட்டும். பிறந்த தேதி, படித்த கல்லூரி எல்லாம் எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிக்கும்.

அசரியா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு வயதான குருவானவர் வாயில். ஒண்டிக்கடையிலிருந்து நடந்தே எங்கள் லைன் வீட்டுக்கு வருவார், அம்மா கிண்டிய களியைச் சாப்பிடுவார். அன்றைக்கு இந்த எடின்பரோ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பழக்க தோஷத்தில் கதவோரம் நின்றுகொண்டே கேட்டார். "உக்காருப்பா, நீ நின்னா நானும் எழுந்திரிக்கணும்" என்றார் குருவானவர். அப்பா உட்கார்ந்தார், அவர் பக்கத்தில், பெஞ்சின் நுனியில்.