கிரீஸின் கடன் – கடிதம்

அன்புள்ள சார்,

கிரீஸின் கடன் நெருக்கடி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வேலையில்லாத இளைஞர்கள், ஒரு நாளைக்கு 60 யூரோ எடுக்க ஏடிஎம் வாசலில் வரிசை என்று உருக்கமாக எழுதியிருந்தீர்கள். நான் பல வருடங்களாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் பெரும்பகுதி வரி, காப்பீடு என்று போய்விடுகிறது. இங்கே ஓய்வு வயதை 67 ஆக்கினார்கள், ஏற்றுக்கொண்டோம். அங்கே ஐம்பதில் ஓய்வு, வரி ஏய்ப்பு, பொய்க்கணக்கு. கிரீஸை மீட்க ஜெர்மனியும் கடன் கொடுத்தது. இதற்கு நாங்கள் ஏன் தண்டம் அழவேண்டும்? என் ஜெர்மானிய நண்பர்கள் இப்படிக் கேட்டதில் என்ன தப்பு? கொடுத்த பணம் திரும்பி வந்ததா என்றாவது எழுதியிருக்கலாம்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2009 அக்டோபரில் கிரீஸில் பிரதமர் பாப்பாந்த்ரேயுவின் புதிய அரசு வந்து ஏடுகளைப் புரட்டியபோது, பட்ஜெட் பற்றாக்குறை அதுவரை சொல்லப்பட்டதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. கணக்கைத் திருத்தி முடித்தபோது மொத்த உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தாண்டியது. யூரோ விதி அனுமதிப்பது 3. ஏதென்ஸின் வடக்குப் புறநகர்களில் வரிப் படிவத்தில் 'வீட்டில் நீச்சல்குளம் உண்டு' என்று எழுதியவர்கள் 324 பேர். செயற்கைக்கோள் படத்தில் எண்ணிப் பார்த்தால் 16,974 குளங்கள்! இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. பொய்க்கணக்கைத் திருத்திய புள்ளியியல் துறைத் தலைவர் ஆண்ட்ரேயாஸ் ஜார்ஜியுவைத்தான் அந்த நாடு வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு இழுத்தது. நாட்டின் மானத்தை வாங்கிவிட்டாராம்.

ஆனால் சோம்பேறிகள் என்று சொல்லாதீர்கள். ஐம்பதில் ஓய்வு சில தொழில்களுக்கு இருந்த சலுகை. சராசரி ஓய்வு வயதில் இரு நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வருடத்துக்கு உழைக்கும் நேரத்தை எடுத்தால் அப்போது கிரேக்கர் சுமார் 2,000 மணி, ஜெர்மானியர் சுமார் 1,400. ஜெர்மனியில் பகுதிநேர வேலை அதிகம் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும், சரி. இருந்தாலும் இது சோம்பேறிகளின் கணக்கு இல்லை.

இனி தண்டம். உங்கள் வரிப்பணத்தை யாரும் பெட்டியில் வைத்து ஏதென்ஸுக்கு அனுப்பவில்லை. 2010 மே மாதம் அறிவித்த 11,000 கோடி யூரோ கடனில் ஜெர்மனியின் பங்கை ஓர் அரசு வங்கி சந்தையில் திரட்டிக் கொடுத்தது. அரசு அதற்கு உத்தரவாதம் தந்தது. அப்புறம் வந்த மீட்பு நிதியும் இதே வழிதான்: சந்தையில் கடன் வாங்கு, உறுப்பு நாடுகள் பின்னால் நிற்கட்டும். நம் பாஷையில் ஜாமீன்.

ஜாமீன் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அப்பா பள்ளி ஆசிரியர். சக ஆசிரியர் ஒருவர் சிக்கன நாணயச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் தவணை கட்டவில்லை. இரண்டு வருடம் அப்பா சம்பளத்தில் பிடித்தம். வீட்டில் அந்த மனிதரின் பெயரைச் சொன்னாலே அம்மா முறத்தை வீசுவார். ஆனால் ஏற்கெனவே இரண்டு கடன் நிலுவையில் இருந்தவருக்கு மூன்றாவதைத் தூக்கிக் கொடுத்த சங்கத்தின் மேல் எங்களில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. அது வரவேண்டிய இடம் என்றே தோன்றவில்லை.

கிரீஸில் நடந்தது இதுதான். 2001இல் யூரோவுக்குள் வந்ததும், கடன் கொடுப்பவர்கள் கிரேக்க அரசின் கடன் பத்திரத்தையும் ஜெர்மன் அரசின் கடன் பத்திரத்தையும் ஏறக்குறைய ஒரே வட்டிக்கு வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு அரசின் கடனை இன்னொரு அரசு ஏற்காது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அதை யாரும் நம்பவில்லை என்பதுதான் அந்த வட்டிக்கு அர்த்தம். பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் அள்ளிக் கொடுத்தன. அந்தப் பணத்தில் கிரீஸ் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களும் வாங்கியது. ஆயுத பேர லஞ்சத்தில் அதன் முன்னாள் பாதுகாப்பு அமைச்சருக்கு 2013இல் 20 வருட சிறை.

சொந்த நாணயம் இருந்தால், அதாவது பழைய திராக்மா இருந்தால், அதன் மதிப்பு சரிந்திருக்கும். கொடுத்தவனும் வாங்கியவனும் ஆளுக்குக் கொஞ்சம் நஷ்டப்பட்டிருப்பார்கள். யூரோவில் அந்த வழி இல்லை. கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து வெட்டியிருக்கலாம். 2010இல் வெட்டவில்லை, 2012 மார்ச்சில்தான் தனியார் கையிலிருந்த பத்திரங்களின் முகமதிப்பில் பாதிக்குமேல் வெட்டினார்கள். அந்த இரண்டு வருட இடைவெளியில் வங்கிகள் பலவும் கையைக் கழுவிக்கொண்டு நகர்ந்தன, அவற்றின் இடத்தில் ஜாமீன்தாரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இந்தத் தாமதம் கடன் கொடுத்த தனியார் தப்பிக்க வழிவிட்டது என்று, கிரீஸுக்குக் கடன் கொடுத்த பன்னாட்டு நிதியமே (ஐ.எம்.எஃப்) தன் 2013 அறிக்கையில் எழுதியது. முதல் இரண்டு மீட்புத் திட்டங்களின் 21,590 கோடி யூரோவில் கிரேக்க அரசின் செலவுக்குப் போனது 970 கோடி என்று 2016இல் கணக்குப் போட்டது பெர்லினில் உள்ள மேலாண்மைப் பள்ளி ஒன்று. அதாவது 5 சதவீதம்கூட இல்லை. மிச்சம் பழைய கடன், வட்டி, வங்கிகளைத் தூக்கி நிறுத்தும் செலவு. ஏதென்ஸ் ஒரு வாய்க்கால்தான், பாய்ந்த வயல் வேறு.

வங்கிகளின் நஷ்டமாக இருந்தது இப்படித்தான் இரண்டு மக்களுக்கு இடையிலான சண்டை ஆனது. 'தீவுகளை விற்றுத் தொலையுங்கள்' என்று ஜெர்மனியின் பில்ட் பத்திரிகை எழுதியது. ஏதென்ஸ் ஊர்வலங்களில் அன்றைய ஜெர்மன் சான்சலர் மெர்க்கெலின் படத்துக்கு நாஜி சீருடை மாட்டினார்கள். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் வேர் ஒரே சொல். நமக்குக் கடன் என்றால் கடமையும்கூட. காலைக்கடன், நீத்தார் கடன் என்கிறோம். உங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையில் கிரீஸ் பேச்சு வந்தபோது எந்த அர்த்தம் ஓடியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

உங்களைவிட நியாயமான கோபம் ஸ்லோவாக்கியர்களுடையது. 2009இல் யூரோவுக்குள் வந்த நாடு அது. அப்போது கிரீஸின் குறைந்தபட்ச ஊதியம் அவர்களுடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஏழை பணக்காரனுக்கு ஜாமீன் போடுவதா என்று கேட்டு, 2010 ஆகஸ்டில் அவர்கள் நாடாளுமன்றம் முதல் கடனில் தன் பங்கான சுமார் 80 கோடி யூரோவைத் தர மறுத்தது. அடுத்த வருடம் அக்டோபரில் மீட்பு நிதியை விரிவாக்கும் வாக்கெடுப்பில் பிரதமர் இவேத்தா ராதிச்சோவாவின் அரசே கவிழ்ந்தது. இரண்டே நாளில் எதிர்க்கட்சி ஆதரவோடு அதே தீர்மானம் நிறைவேறியது, விலையாக முன்கூட்டியே தேர்தல். பிரதமர் பதவியைப் பலிகொடுத்து வாங்கிய ஜாமீன். அவர்களிடம் எனக்குப் பதில் இல்லை.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்டீர்கள். பன்னாட்டு நிதியத்தின் கடனை கிரீஸ் 2022இல் தவணைக்கு முன்பே கட்டி முடித்தது. நாடுகள் நேரடியாகக் கொடுத்த முதல் கடனுக்கு 2041 வரை தவணை. அதையும் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகிறார்கள். இதற்காகக் கிரேக்கப் பொருளாதாரம் கால் பங்கு சுருங்கியது, 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. கிரேக்கப் பத்திரங்களிலிருந்து ஜெர்மனிக்குக் கிடைத்த வட்டி லாபம் சுமார் 290 கோடி யூரோ என்று 2018இல் உங்கள் அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், மறைக்கவில்லை. ஜாமீன் போட்ட என் அப்பாவுக்கு அப்படி எதுவும் வந்ததாக நினைவில்லை.