எலுமிச்சையில் பச்சைப் பூஞ்சை: வேப்பிலைச் சாறு போதுமா?

அண்ணாச்சி, புளியங்குடி சந்தைக்குப் போகுமுன்பே மூட்டையில் எலுமிச்சை அழுகுகிறது, வேப்பிலைச் சாற்றில் நனைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நனைக்கலாம், ஆனால் அழுகத் தொடங்கிவிட்ட பழத்தை அது மீட்காது. நீங்கள் சொல்லும் வெள்ளை விளிம்பும் நடுவில் பச்சைத் தூளும் பெனிசிலியம் பூஞ்சையின் அடையாளம். தோலில் காயம் கிடைத்தால்தான் அது உள்ளே நுழையும். இழுத்துப் பறிக்கும்போது காம்படியில் கிழிகிறதே, அந்தச் சின்ன வட்டம் போதும் அதற்கு. கத்தரிக்கோலால் நறுக்கிப் பறியுங்கள். அன்றைக்கே சாற்றில் நனைத்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் அழுகல் கூடத்தான் செய்யும்.

பூண்டுச் சாறும் நல்லது. நசுக்கியதும் அதில் உண்டாகும், பூஞ்சையை அடக்கும் அல்லிசின் என்ற பொருள் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், அன்றன்றைக்கு அரையுங்கள். முதலில் ஒரு கூடைக்கு மட்டும் செய்து, நனைக்காத கூடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.