பிரவுசர் டெஸ்ட் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது? – கேள்வி பதில்

செந்தில்: அண்ணா, பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட்டில் எழுதிய எங்கள் டெஸ்ட் லேப்டாப்பில் சட்டென்று முடிகிறது, கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் சிஐ-யில் ஆமை வேகம். பெரிய மெஷின் கேட்கலாமா?

பதில்: காசு கேட்கும் முன் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பாருங்கள். புது புராஜெக்ட்டுக்கு பிளேரைட் போட்டுத் தரும் ஃபைலில், சிஐ என்றால் ஒர்க்கர் (டெஸ்ட்டை ஓட்டும் புராசஸ்; பல இருந்தால் டெஸ்ட்கள் ஒரே நேரத்தில் ஓடும்) 1 என்றே இருக்கும். லேப்டாப்பிலோ சிபியு கோர்களில் பாதி அளவுக்கு ஒர்க்கர்கள் ஓடும். சிஐ-யிலும் 2, 3 என்று ஏற்றுங்கள். காரணமில்லாமல் ஃபெயிலாகத் தொடங்கினால் அந்த மெஷினின் எல்லை அதுதான். பிறகு ஷார்டிங்: 1/4, 2/4 என்று நான்கு மெஷினுக்குப் பிரிப்பது. ஒரே ஃபைலுக்குள் இருக்கும் டெஸ்ட்களையும் பிரித்து ஓட்டும் 'ஃபுல்லி பேரலல்' செட்டிங் போடாவிட்டால் ஃபைல் ஃபைலாகத்தான் பிரியும். ஒரு ராட்சச ஃபைல் இருந்தால், மற்ற மூன்று மெஷினும் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும்.

கவிதா: ஒவ்வொரு டெஸ்ட்டும் லாகினில் இருந்தே தொடங்குகிறது.

பதில்: லாகின் பக்கத்தைச் சோதிக்கும் டெஸ்ட்டுக்கு மட்டும் அது போதும். மற்றவற்றுக்கு ஒருமுறை லாகின் செய்து 'ஸ்டோரேஜ் ஸ்டேட்' ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிரவுசர் சேமித்து வைக்கும் குக்கி, லோக்கல் ஸ்டோரேஜ் அதில் வரும். டேப்பை மூடினால் அழியும் செஷன் ஸ்டோரேஜ் வராது, லாகின் டோக்கன் அங்கே இருந்தால் தனியாக ஏற்ற வேண்டும். டெஸ்ட்கள் சர்வரில் செட்டிங்ஸ் மாற்றுகிறவை என்றால் ஒர்க்கருக்கு ஒரு அக்கவுண்ட் கொடுங்கள். இல்லையேல் ஒன்று மொழியைத் தமிழுக்கு மாற்றும், பக்கத்து ஒர்க்கர் 'சேவ்' பட்டனைத் தேடித் தவிக்கும்.

நிஷா: நாங்கள் செலினியம் சார், அதுவும் பிளேரைட் போன்ற கருவிதான். எங்கு பார்த்தாலும் 5 விநாடி ஸ்லீப்.

பதில்: 60 இடத்தில் இருந்தால் 5 நிமிடம் வெறும் தூக்கம்! எக்ஸ்பிளிசிட் வெயிட்டுக்கு மாறுங்கள், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லி. எலிமெண்ட் தேடும் எல்லா இடத்துக்கும் பொதுவாக வைத்த பழைய இம்ப்ளிசிட் வெயிட்டை எடுத்துவிட மறக்காதீர்கள். இரண்டையும் கலக்கக் கூடாது என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது: இம்ப்ளிசிட் 10, எக்ஸ்பிளிசிட் 15 விநாடி என்றால் 20 விநாடிக்குப் பிறகுகூட டைம்அவுட் வரலாம்.

ரஃபீக்: தோற்ற டெஸ்ட்டை மீண்டும் ஓட்டும் ரீட்ரையை 2 என்று வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

பதில்: பிளேரைட்டில் நாம் மாற்றாவிட்டால் ஒரு டெஸ்ட்டின் டைம்அவுட் 30 விநாடி. முதல் ஓட்டமும் இரண்டு ரீட்ரையும் டைம்அவுட்டில் தோற்றால் ஒன்றரை நிமிடம். ரீட்ரையில் பாஸானவற்றை ரிப்போர்ட் 'ஃப்ளேக்கி' (நிலையில்லாதது) என்று காட்டும். அந்தப் பட்டியலைச் சரிசெய்யுங்கள்.

கவிதா: படங்களை பிளாக் செய்தால்?

பதில்: அனலிடிக்ஸ், சாட் விட்ஜெட் போன்ற வெளியார் ஸ்கிரிப்ட்களைத் தடுப்பது நல்லது. படங்களை நான் தொட மாட்டேன். எதைத் தடுத்தாலும் அதற்கு ரவுட்டிங் (பிரவுசரின் கோரிக்கைகளை இடைமறிப்பது) போட வேண்டும்; பிளேரைட்டில் அதைப் போட்டாலே, ஒருமுறை இறக்கியதை மீண்டும் பயன்படுத்த வைத்திருக்கும் ஹெச்டிடிபி கேஷ் அணைந்துவிடும். அதனால் முன்னும் பின்னும் நேரத்தை அளந்து பார்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.