கேள்வி-பதில்: ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?

கேள்வி: ஒரே கம்பெனியின் இரண்டு லேப்டாப்புகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் கோர் ஐ5-1335யூ, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. மற்றதில் கோர் ஐ7-1355யூ, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. விலை கால் பங்கு அதிகம். அலுவலக வேலை, பிரவுசர், வீடியோ கால், எப்போதாவது போட்டோ திருத்தம், இவ்வளவுதான் என் வேலை. கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: ஐ7 என்ற ஸ்டிக்கரை முதலில் மறந்துவிடுங்கள். இந்த இரண்டு சிப்பிலும் கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள், 10தான். த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை) 12, கேஷ் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவகம்) 12 எம்பி, அடிப்படை மின்செலவு 15 வாட், எல்லாம் ஒன்றே. உச்ச வேகம்தான் 4.6க்குப் பதில் 5.0 கிகாஹெர்ட்ஸ். அதுவும் ஓரிரு கோர்கள் சிறிது நேரம் எட்டிப் பிடிக்கும் வேகம். மெல்லிய லேப்டாப்பில் சூடு ஏறியதும் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு இறங்கிவிடும். கிராஃபிக்ஸ் ஐ7-இல் சற்றுப் பெரியது. உங்கள் வேலையில் அது தெரியாது.

காசு கொடுக்க வேண்டிய இடம் ராம். இப்போதுள்ள கணினியில் வழக்கமான டேப்கள், வீடியோ கால், எக்செல் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. ‘இன் யூஸ்’ என்பதோடு நிற்காமல் ‘கமிட்டட்’ எண்ணையும், அதாவது திறந்திருப்பவை எல்லாம் கேட்டு வைத்த மொத்த நினைவக அளவையும், பாருங்கள். அது 11, 12 ஜிபி என்று நின்றால் 8 ஜிபி ராம் உங்களுக்குப் பற்றாது. மிச்சத்தை விண்டோஸ் எஸ்எஸ்டி-யில் தள்ளி வைத்து, கேட்கும்போது திரும்ப எடுக்கும். டேப் மாற்றும்போது வரும் அந்த அரை நொடித் திணறல் அதுதான்.

அடுத்த கேள்வி, ராமைப் பின்னால் கூட்ட முடியுமா என்பது. கடையில் டெமோவுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலும் அதே மெமரி பக்கத்தைத் திறந்து ‘ஃபார்ம் ஃபேக்டர்’ வரியைப் பாருங்கள். ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றால் கழற்றி மாட்டலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றால் போர்டிலேயே ஒட்டியது. வாங்கிய அளவுதான் கடைசிவரை. சில மாடல்களில் 8 ஜிபி ஒட்டியிருக்க, பக்கத்தில் ஒரு காலி ஸ்லாட்டும் இருக்கும். அதை சர்வீஸ் மானுவலில் பார்ப்பதே உறுதி.

ஸ்லாட் காலியாக இருந்தால் ஐ5 வாங்கி, இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட்டுக்கொள்ளுங்கள். ராமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று ரகங்கள் உண்டு; டிடிஆர்4-க்கான ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது, ரகம் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது ஸ்டிக் ஏறியதும் இன்னொரு லாபமும் உண்டு: ஒற்றைச் சேனலில் (ராமுக்கு ஒரே பாதை இருக்கும்போது) வெறும் ‘யூஎச்டி’ என்று காட்டிய கிராஃபிக்ஸ், இரட்டைச் சேனலில் அதைவிட வேகமான ‘ஐரிஸ் எக்ஸ்இ’ ஆகிவிடும். ராம் ஒட்டிய, காலி ஸ்லாட் இல்லாத மாடல் என்றால் 16 ஜிபி-தான் வாங்க வேண்டும். ஆனால் ஐ7-க்குப் போகுமுன் ஐ5-இலேயே 16 ஜிபி வருகிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்கும், கடைக்காரர் அதை முன்னால் எடுத்து வைக்கமாட்டார்.

1 டிபி-க்காக இப்போதே விலை ஏற்ற வேண்டாம். எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி ஒரே ஸ்க்ரூவில் நிற்பது, தேவைப்படும்போது மாற்றலாம். நீளம் மட்டும் கவனம்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. சின்ன இடத்துக்கு நீளமானதை வாங்கி வந்து விழிப்பவர்கள் நிறையப் பேர். மாற்றுவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) ரெகவரி கீ-யை வேறிடத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒரே மாடலில் 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), 45% என்டிஎஸ்சி (எவ்வளவு வண்ணம் காட்டும் என்ற அளவுகோல்) திரை ஒன்று, 400 நிட்ஸ், 100% எஸ்ஆர்ஜிபி (இன்னொரு வண்ண அளவுகோல்) திரை ஒன்று. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

பதில்: முதல் நாளே தெரியும். 45% என்டிஎஸ்சி என்பது எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். அதைப் பார்த்து நீங்கள் வண்ணத்தை ஏற்றித் திருத்திய படம், நல்ல திரையுள்ள போனில் முகமெல்லாம் சிவந்து கிடக்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் 250 நிட்ஸ் திணறும். பேனலைப் பின்னால் மாற்றுவது ராம் மாற்றுவதுபோல எளிதும் அல்ல, மலிவும் அல்ல. ஆகவே தாராளமாகக் கொடுக்கலாம். 72% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே தரம்தான். வெளி மானிட்டரில் மாட்டியே வேலை பார்ப்பவர் என்றால் மட்டும் இந்தச் செலவு வீண்.

கேள்வி: இரண்டு கேமிங் லேப்டாப்பிலும் கிராஃபிக்ஸ் சிப் ஆர்டிஎக்ஸ் 4050தான். ஒன்று மட்டும் ஏன் விலை அதிகம்?

பதில்: பெயர் ஒன்று, வாட் வேறு. இந்த சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர் பூட்டலாம். விவரப் பட்டியலில் டிஜிபி (கிராஃபிக்ஸுக்கான வாட் அளவு) என்ற வரியைத் தேடுங்கள். அது எழுதப்படாத லேப்டாப்புக்கு, கேம் விளையாடத்தான் என்றால், கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.