துப்பாக்கி தூக்கிய பிள்ளை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேசிய நூலகத்தில் நீங்கள் ஆற்றிய உரையைக் கேட்டேன். "சிறுவன் கையில் துப்பாக்கி இருந்தால், முதலில் கூண்டில் ஏற வேண்டியவன் அதைக் கொடுத்தவன்" என்றீர்கள். வீட்டில் இதைச் சொன்னதும், உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகன், "அந்தச் சிறுவன் சுட்டதில் செத்தவர்களின் குடும்பத்துக்கு என்ன பதில்?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனே விரைவில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைப்பணிக்கு, பதிவு செய்ய வேண்டியவன். நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சிறுவர்களுக்கும் என்ன வேறுபாடு? ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் புறநானூற்றில் படித்துப் பூரிப்பவர்கள்தானே நாம்?

மலர்விழி, ஈசூன்

அன்புள்ள மலர்விழி,

மூன்று கேள்விகளில் உங்கள் மகனுடையதுதான் கடினமானது.

சிறுவன் செய்தது எதுவும் குற்றமாகாது என்று சட்டம் சொல்லவில்லை. குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயதை நாடுகள் வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. சிங்கப்பூரில் அது பத்து வயது. குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவரை அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்காது. உள்நாட்டு நீதிமன்றங்களுக்கு அந்தத் தடை இல்லை. சியரா லியோனின் உள்நாட்டுப் போர்க் குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்துக்கோ 15 வயதானவர்களைக்கூட விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. அதன் தலைமை அரசு வழக்கறிஞர் டேவிட் கிரேன், சிறுவர்கள்மீது வழக்குத் தொடுக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். நான் அவர் கட்சி. போதைப்பொருள் கொடுத்துக் கொலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையைக் கூண்டில் ஏற்றினால், அனுப்பியவன் பார்வையாளர் வரிசையில் வசதியாக உட்கார்ந்துகொள்வான்.

அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டால்? உகாண்டாவின் டொமினிக் ஓங்வென், சிறுவனாகப் பள்ளிக்குப் போகும் வழியில் எல்.ஆர்.ஏ. கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டவர். அதற்குள்ளேயே வளர்ந்து தளபதியானார். 2021இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் 61 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் அவற்றில் அடங்கும். தனக்கு நேர்ந்ததையே அடுத்த தலைமுறைக்குச் செய்திருக்கிறார். கடத்தப்பட்ட கதையை நீதிபதிகள் ஒதுக்கவில்லை. ஆயுள் தண்டனை விதிக்காமல் 25 ஆண்டுகளோடு நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதைக் காட்டி அவர் தப்பிக்க முடியவில்லை. வளர்ந்தபின் செய்தவற்றுக்குத்தான் அந்தத் தண்டனை. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 750 யூரோ அடையாள இழப்பீடு வழங்க 2024இல் உத்தரவானது. அது போதுமா என்று உங்கள் மகன் கேட்டால், போதாது என்றுதான் நானும் சொல்வேன்.

அவன் கேட்டதற்கு இன்னும் நேரான வழக்கு ஒன்று உண்டு. காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா, அதே நீதிமன்றத்தில், 15 வயதுக்குட்பட்டவர்களைப் படையில் சேர்த்துப் போரில் ஈடுபடுத்தியதற்காக 2012இல் குற்றவாளியானார். "விரும்பித்தான் வந்தார்கள்" என்ற வாதம் அங்கே செல்லுபடியாகவில்லை. ஆனால் 2009இலேயே அதே வழக்கில் ஒரு முடிவு வந்திருந்தது: படையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டோராகப் பங்கேற்கலாம்; அந்தப் பிள்ளைகளின் தாக்குதலில் அடிபட்டவர்களுக்கு இடமில்லை. குற்றச்சாட்டு பிள்ளைகளைப் படையில் சேர்த்தது பற்றியது மட்டும் என்பதால் சட்டப்படி அது சரி. செத்தவர் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்ல என்னால் முடியாது. உங்கள் மகன் கை வைத்திருப்பது சரியாக அந்த ஓட்டையில்.

தேசிய சேவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 2000ஆம் ஆண்டுத் துணை நெறிமுறையைச் சிங்கப்பூர் 2008இல் ஏற்றது. அதன்படி 18 வயதுக்குக் கீழ் கட்டாயப் படைச்சேர்ப்பு கூடாது. அந்த வயதினரை நேரடிச் சண்டையில் ஈடுபடுத்தாமலிருக்க அரசு தன்னால் இயன்ற அனைத்தையும் செய்ய வேண்டும். பதினாறரை வயதில் வருவது பதிவுக் கடிதம் மட்டும்தான். விரும்பி முன்கூட்டியே சேர்பவனுக்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆயுதக் குழுக்களுக்கோ, 18 வயதுக்குக் கீழ் எவரையும் சேர்க்க அனுமதியே இல்லை. அரசுகள் கூடி எழுதிய சட்டம் அரசுகளுக்குச் சலுகை தருகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேல் கொடுத்து மகனை அனுப்புகிறாள். பாட்டு அவளுடைய துணிவைப் பார்த்து வியக்கிறது. பையன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கவிதையாக அதை எத்தனை முறையும் படிப்பேன். சட்டமாக அல்ல.

இந்தக் கதை நம் ஊரிலும் நடந்ததுதான். 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில், சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் மலேசியாவில் பெயர் பெற்ற ராசம்மா பூபாலன் சேர்ந்தபோது வயது 16. அவர்களை மதிக்கிறேன், இன்றைய சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்களை அளக்கமாட்டேன். அவர்களைச் சேர்த்துக்கொண்ட பெரியவர்களிடம் "வயது கேட்டீர்களா?" என்று மட்டும் கேட்பேன்.