காட்டை ஊர் மக்களிடமே ஒப்படைத்தால் ஒரு மரமாவது மிஞ்சுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். செம்மரம் வெட்ட லாரி ஏறிப் போகிற மலைக்காரர்களிடமே காட்டைக் கொடுப்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது போல ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பூனைகளில் நானும் ஒருவன். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவன். அறுபது சொச்சம் வீடுகள். இரண்டு நாட்களாக இந்தக் கேள்வியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பதில் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

நீங்கள் ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம். அல்லது பீமன் நீர்வீழ்ச்சியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது வழியில் மொட்டைப் பாறையைப் பார்த்து வருத்தப்பட்டவராக இருக்கலாம். தவறில்லை. என் பதில்: மிஞ்சும். எங்கள் ஊரில் ஆறு வருடம் மிஞ்சியதை நானே கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். பிறகு கெட்டது. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் கெடவில்லை.

மேற்கு வங்கத்தில் அரபாரி என்ற இடத்தில் 1970-களில் ஒரு வன அதிகாரி சுற்றியிருந்த ஊர்க்காரர்களை அழைத்து, "சால் மரக்காட்டை நீங்கள் காவல் காருங்கள், விளைச்சலில் நாலில் ஒரு பங்கு உங்களுக்கு" என்று பேசி முடித்தார். கட்டையாகக் கிடந்த காடு மறுபடி துளிர்த்து எழுந்தது. 1990-இல் மத்திய அரசு அதே வழியை எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியது. தமிழ்நாட்டில் 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது ஊர் ஊராகக் கிராம வனக்குழுக்கள் வைத்தார்கள். எங்கள் ஊர்க் குழு 1999-இல் வந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான் என்பதால் கணக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது. ஒரு நீள நோட்டும் இரண்டு பேனாவும் கொடுத்தார்கள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஊர்க்கவுண்டர் சொல்லச் சொல்ல நான் எழுதிய கட்டுப்பாடுகள். நெல்லிக் கிளையை வெட்டிக் காய் பறிக்கக் கூடாது, ஏறித்தான் உலுக்க வேண்டும். கடுக்காய் மரத்தடியில் சருகைக் கொளுத்தக் கூடாது. (சருகு எரிந்தால் விழுந்த காய் பளிச்சென்று தெரியும், பொறுக்குவது சுலபம். காட்டுத் தீ பாதி இப்படித்தான் கிளம்பும். இதை எங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வைத்தவர்கள் நாங்கள்தான்.) மாசி பிறப்பதற்குள் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாமல் இருக்கப் புல்லும் சருகும் இல்லாமல் செதுக்கிவிடும் வெறும் தரை) செதுக்க வேண்டும். மீறினால் நூற்றொரு ரூபாய்.

எல்லாம் நியாயமாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. முதல் வருடமே ஒரு தப்பு செய்தோம். கன்று நட்ட சரிவு முழுவதையும் ஆட்டுக்கு அடைத்துவிட்டோம். நிலம் உள்ளவர்களுக்கு அதில் கஷ்டமில்லை, மாட்டை வயல் வரப்பில் கட்டிக்கொண்டார்கள். துண்டு நிலம்கூட இல்லாமல் எட்டு ஆடுகளை மட்டும் நம்பியிருந்த ஓர் அம்மா எங்கே போவார்? இரண்டு முறை தண்டம் கட்டினார். மூன்றாவது முறை கூட்டத்துக்கு ஆட்டையே பிடித்துக்கொண்டு வந்து நடுவில் கட்டிவிட்டு, "நீங்களே மேய்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரும் பேசவில்லை. ஆடு என் நோட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் சரிவை மூன்றாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பங்கைத் திறந்துவிடுவது என்று முடிவானது. கூட்டத்துக்குப் பெண்களையும் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. விறகும் தழையும் சுமப்பவர்கள் அவர்கள், கட்டுப்பாடு போட்டவர்கள் வேட்டி கட்டியவர்கள்.

இப்போது என் தாய்மாமன் கதை. 2001-ஆம் வருடம், தை மாதம். சமவெளி வியாபாரி ஒருவர் அடுத்த வாரமே நெல்லி வேண்டும் என்று மாமாவிடம் முன்பணம் கொடுத்திருந்தார். மாலையில் மூட்டையோடு மாமா இறங்கி வந்தார். எடை போடும் இடத்தில் கோணியைக் கவிழ்த்தால், காயோடு இலையும் விரல் தடிமனில் குச்சிகளும் கொட்டின. ஒவ்வொரு குச்சியின் நுனியும் சாய்வாகச் சீவியது போல இருந்தது. உலுக்கி விழுந்த காயில் அப்படிக் குச்சி வராது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் குச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

அவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் நான். என் அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது.

நோட்டில் அவர் பெயரை எழுதினேன். "மாப்பிள்ளை, எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்க்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்டார், அவ்வளவுதான். நூற்றொரு ரூபாய் அவரிடம் இல்லை. பதிலுக்கு இரண்டு நாள் தனியாளாகத் தீத்தடுப்புக் கோடு செதுக்கினார். அத்தை ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை, அம்மா அதைவிட அதிக நாள். ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் நெல்லிக் கிளையில் கத்தி வைக்கவில்லை. மாமாவுக்கே எழுதினார்கள் என்றால் நமக்கு எழுத மாட்டார்களா என்ற பயம்தான். சீருடை போட்ட ஒருவர் ஜீப்பில் வந்து பிடித்திருந்தால் மாமா அந்த நூற்றொரு ரூபாயை எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேறு சரிவில் ஏறியிருப்பார். எனக்குத் தெரியும், அதற்கு முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

"ஒரு ஊரை வைத்துக்கொண்டு பொதுவாகப் பேசாதே" என்று யாராவது கருத்திடுவார்கள். பேசவில்லை. குழுப் பணத்தைத் தலைவரே சாப்பிட்ட ஊர்களும் எனக்குத் தெரியும். மரம் வெட்டி விற்ற குழுவும் உண்டு. மலைக்காரன் என்றால் காட்டுத் தெய்வத்தின் பிள்ளை என்று எழுதுகிறவர்கள் மீதும் எனக்கு எரிச்சல்தான். நாங்களும் கடன் வாங்குகிறவர்கள்தான், முன்பணத்துக்கு மயங்குகிறவர்கள்தான்.

இனி எப்படிக் கெட்டது என்பதற்கு வருகிறேன். குழுவின் வங்கிக் கணக்கில் எங்கள் குழுத் தலைவரும் வனத்துறையின் வனவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். முதலில் இருந்த வனவர் தங்கமான மனிதர், நோட்டைப் புரட்டிப் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், கையெழுத்துப் போடுவார். அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் பழைய கணக்கைத் தணிக்கை செய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சரி, தணிக்கை செய்யுங்கள் என்றோம். பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் ஓடையில் கட்டியிருந்த தடுப்பணையின் இடது கரையில் ஒரு நண்டு வளை அளவுக்குக் கசிவு இருந்தது. நான்கு மூட்டை சிமென்ட் போதும். எங்கள் பணம், எங்கள் அணை, கூலிகூட வேண்டாம். பதினான்கு மாதம் நடந்தோம். பாதி நாள் அவர் முகாமில் இருப்பார், மீதி நாள் அவருக்கு மேலே இருக்கும் வனச்சரகரைப் பார்க்கச் சொல்வார்.

2005 கடைசியில் பெய்த மழையை வட தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அணையின் இடது பக்கம் ஒரே இரவில் போய்விட்டது. கீழே இருந்த சாமைக் கொல்லையில் மணல் மூடியது.

அடுத்த மாசியில் தீத்தடுப்புக் கோட்டுக்கு ஆள் கூப்பிட்டுத் தமுக்கு அடித்தோம். ஏழு பேர் வந்தார்கள். மாமா வந்தார். அவரும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யார் காட்டுக்கு மாப்பிள்ளை நாம் காவல் காக்கிறோம்?" என்று கேட்டார். பங்குனியில் மேற்குச் சரிவு எரிந்தது. நான் நோட்டில் கடைசியாக எழுதியது அந்தத் தேதி.

அதன் பிறகு பையன்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கூலிக்குப் போனார்கள். சிலர் எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லாமலும் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் செம்மரக் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதில் எங்கள் மலைக்காரர்களும் உண்டு. நீங்கள் பூனை என்று எழுதியது அதனால்தான் எனக்குச் சுட்டது. கடுக்காயிலும் புளியிலும் நாலு காசு நேராகக் கைக்கு வந்திருந்தால் அத்தனை பேர் லாரி ஏறியிருப்பார்களா? இது என் கருத்து மட்டும்தான், ஆதாரம் கேட்டு வராதீர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-இன் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள்களின் உரிமையைக் காட்டுவாசிகளுக்குத் தருகிறது. ஊர்க் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கே உரிமை என்கிறது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் 2008-இல் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது, 2016-இல் உச்ச நீதிமன்றம்தான் அதை விலக்கியது. எட்டு வருடம். அதற்குள் எங்கள் ஊரில் கூட்டத்தில் உட்காரத் தெரிந்த கிழவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகாவைப் பற்றிப் படித்துப் பாருங்கள். கோண்டு மக்களின் ஊர். "தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு" என்பது அவர்கள் முழக்கம். கிராம சபையில் கை தூக்கி எண்ணுவது இல்லை, எல்லாரும் ஒப்புக்கொள்ளும்வரை பேசுவார்கள். 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை கிடைத்தது. கிடைத்தும் என்ன, மூங்கிலை வெட்டி விற்கப் போனால் வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு வனத்துறையின் கையில். உரிமை இவர்களுக்கு, சீட்டு அவர்களிடம். ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அந்த ஊருக்கே வந்து அனுமதிச் சீட்டுப் புத்தகத்தை ஊரின் முன்னோடியான தேவாஜி தோஃபாவிடம் ஒப்படைத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பாஸ்புக் நினைப்பு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் எங்களைவிட யோக்கியர்கள் என்று நான் நம்பவில்லை. அங்கேயும் முன்பணம் வாங்குகிற ஒரு மாமா இருப்பார். அவர்களுடைய காகிதத்தில் கடைசிக் கையெழுத்து அவர்களுடையது, வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் ஊரும் சமூக வன உரிமைக்கு மனு கொடுத்திருக்கிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி, எங்கள் குழுவில் அதைவிட அதிகம். ஆட்டைக் கொண்டுவந்து கட்டிய அம்மாவின் மகளும் அதில் இருக்கிறார். மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

மேசை என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழங்குடியின் பெயர் மலையாளி. மலையை ஆள்பவன் என்று எங்கள் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். என் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது ஓர் அலுவலகத்தில், "கேரளாவிலிருந்து எந்த வருடம் வந்தீர்கள்?" என்று கேட்டார்கள். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன், அதனாலேயே இன்னும் மூன்று நடை கூடிவிட்டது. என் தாத்தா காலத்து நிலப் பத்திரம், என் பள்ளிச் சான்றிதழ், ஊர்க்கவுண்டர் கடிதம் எல்லாவற்றையும் வைத்தும் "கள விசாரணை" என்றார்கள். கள விசாரணைக்கு வருவதற்கு ஊருக்குப் பஸ் இல்லையாம். கல்லூரிச் சேர்க்கை முடிந்த பிறகுதான் சான்றிதழ் கைக்கு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள் என்றால், காட்டைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஜமுனாமரத்தூர் பக்கம் வரும்போது சொல்லுங்கள், நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன். நெல்லி மரங்கள் இருக்கும் சரிவைக் காட்டுகிறேன், தீக்குத் தப்பியது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மாமா பெயர் எழுதிய பக்கத்தையும் காட்டுகிறேன். பாஸ்புக்கை மட்டும் காட்ட முடியாது. அது இன்னும் தணிக்கையில் இருக்கிறது.