டாக்டர் ஹூ: 1963இலிருந்தே பார்க்க வேண்டியதில்லை

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்பவரின் கதையான இந்த பிரிட்டிஷ் டிவி தொடரின் முதல் 13 பகுதிகளைத் தூக்கத்தோடு மல்லுக்கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், அடுத்த கதையையே காணோம், விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள், வரிசையை மட்டும் விடுங்கள். நீங்கள் முட்டி நிற்பது மார்க்கோ போலோ கதை. அதன் 7 பகுதிகளும் தொலைந்தவை. அந்தக் காலத்தில் பிபிசி நாடாக்களை அழித்துவிட்டது. ஒலிப்பதிவும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். உங்கள் தேடலில் பிழையில்லை.

2007இல் வந்த 'பிளிங்க்' பகுதியை இன்றிரவே போடுங்கள். டாக்டர் அதில் எட்டிப்பார்ப்பதோடு சரி, முன்கதையும் தேவையில்லை. பாழடைந்த வீட்டில் ஒரு பெண் சுவர்த்தாளைக் கிழிக்கிறாள். அடியில் அவள் பெயரைச் சொல்லி ஓர் எச்சரிக்கை, 1969 என்று தேதியிட்டு. அப்புறம் அந்தச் சிலைகள். பார்த்துக்கொண்டே இருந்தால் கல், கண் சிமிட்டினால் போச்சு. முதல் தடவை நான் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் மீதியைப் பார்த்தேன்.

பிடித்திருந்தால் 2005இல் மறுபடி தொடங்கிய தொடரை முதலிலிருந்து பாருங்கள். கிராபிக்ஸ் கொஞ்சம் சிரிப்பு மூட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழையதில் ஆசை போகவில்லையா? டாம் பேக்கர் டாக்டராக நடித்த காலத்துக்குத் தாவுங்கள். 1979இன் 'சிட்டி ஆஃப் டெத்' நாலே பகுதி, பாரிஸில் நடக்கிறது, வசனம் படுகுறும்பு. ஒரே மூச்சில் வேண்டாம், நாளுக்கு ஒரு பகுதி போதும். வாரம் ஒன்றாக ஒளிபரப்பான சரக்கு அது, நீங்கள் பார்த்த 13 பகுதிகளும் அப்படித்தான். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்ததால்தான் உங்களுக்கு அப்படித் தூக்கம் வந்திருக்கிறது.